மீவியற்கைத் தீங்கும் சட்டப் பொறுப்பும்: யூதச் சட்ட மரபும் இந்தியக் குற்றவியல் சட்டமும் – ஓர் ஒப்பாய்வு

ஆய்வுச் சுருக்கம்

மந்திரம், சாபம், செய்வினை ஆகியவற்றால் ஒருவருக்குத் தீங்கு நேர்ந்ததாகக் கூறப்படும்போது அத்தீங்கிற்குச் சட்டப்படி பொறுப்பேற்க வேண்டியவர் யார் என்னும் வினாவை இக்கட்டுரை ஆராய்கிறது. யூதச் சட்ட மரபு இவ்வினாவிற்குத் தந்த விடைகள், பண்டைய இந்திய நீதிநூல்களின் நிலைப்பாடு, இந்தியத் தண்டனைச் சட்டமும் அதன் இடத்தில் வந்துள்ள பாரதிய நியாய சன்ஹிதாவும் மேற்கொள்ளும் அணுகுமுறை ஆகியவை ஒப்பிடப்படுகின்றன. யூத மரபில் மெய்யாகச் சூனியம் செய்தவர் தண்டனைக்குரியவர். கண்கட்டு வித்தை காட்டியவர் தண்டனைக்கு ஆளாகாதவர். இந்தியச் சட்டத்தில் இந்நிலை தலைகீழாக அமைந்துள்ளது. இத்தலைகீழ் மாற்றத்தின் காரணத்தையும், அது மூடாமல் விட்டுள்ள இடைவெளியையும் எடுத்துரைப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

திறவுச்சொற்கள்: செய்வினை, சாபம், யூதச் சட்டம், மிஷ்னா, காரணகாரியத் தொடர்பு, தெய்வச் சீற்றம், மெய்ப்பிக்கும் சுமை.

முன்னுரை

வேலூர் மாவட்ட ஆட்சியர் அலுவலகமும் நீதிமன்ற வளாகமும் சத்துவாச்சாரியில் அமைந்துள்ளன. ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை எனத் தோல் தொழில் பரவிய இந்நிலப்பகுதியில் ஒரு சிறு தொழிற்கூடம் நொடித்துப்போவதாகக் கொள்வோம். பதனிட்ட தோல் கெடுகிறது; வாங்கியவர்கள் சரக்கைத் திருப்பி அனுப்புகின்றனர்; உரிமையாளர் நோயுறுகிறார். வாயிற்படியின் கீழ் ஒரு செப்புத் தகடும் ஊசி குத்திய எலுமிச்சம்பழமும் கிடைக்கின்றன. பங்காளி ஒருவர் செய்வினை வைத்துவிட்டதாக உரிமையாளர் உறுதியாக நம்புகிறார். அவர் சத்துவாச்சாரி நீதிமன்றத்தின் படியேறினால் சட்டம் அவருக்கு என்ன விடை கூறும்?

‘அது மூடநம்பிக்கை’ என்பது சமூகச் சீர்திருத்தத்தின் விடையாகலாம்; சட்டத்தின் விடையாகாது. மந்திரத்திற்கு ஆற்றல் உண்டா என்பது ஒரு வினா. மந்திரத்தைக் கருவியாகக் கொண்ட செயலால் அச்சம், பண இழப்பு, உடல்நலக் கேடு, உயிரிழப்பு நேருமாயின் அவற்றிற்குப் பொறுப்பு யாருடையது என்பது வேறொரு வினா. முன்னதை ஒதுக்கிவிட்டாலும் பின்னது நிற்கிறது. இவ்விரு வினாக்களையும் பிரித்துணர்வதற்கு, அவற்றை நீண்டகாலம் விவாதித்து வந்த யூதச் சட்ட மரபு உறுதுணையாகிறது.

யூதச் சட்ட மரபு: செயலும் தோற்றமும்

சூனியக்காரியை உயிரோடு விடலாகாது என்னும் விதி எபிரேய வேதத்தின் யாத்திராகமத்தில் இடம்பெறுகிறது. கி.பி. 200 அளவில் தொகுக்கப்பெற்ற மிஷ்னாவின் சன்ஹெத்ரின் பகுதி, ஏழாம் இயலில், அவ்விதிக்கு ஓர் எல்லை வகுக்கிறது. உண்மையாகவே ஒரு செயலை நிகழ்த்துபவரே தண்டனைக்குரியவர். காண்போரின் கண்ணை மயக்குபவர் தண்டனைக்கு ஆளாகாதவர். மந்திரத்தால் வெள்ளரிக்காய் பறிக்கும் இருவரை எடுத்துக்காட்டி, அவருள் ஒருவர் குற்றவாளி, மற்றவர் குற்றவாளி அல்லர் என ரபி அகிவா இதனை விளக்குகிறார். பார்ப்பவருக்கு இருவர் செயலும் ஒன்றுபோலவே தோன்றும். மெய்யான மாற்றம் நிகழ்ந்ததா என்பதே பொறுப்பைத் தீர்மானிக்கிறது. கண்கட்டு வித்தை தண்டனைக்கு உட்படாவிடினும் விலக்கப்பட்ட செயலே எனத் தால்முத் மேலும் தெளிவுபடுத்துகிறது.

இது சூனியம் செய்த குற்றம் பற்றிய விதி. ஒருவரது பொருளுக்கு நேர்ந்த இழப்பை ஈடுசெய்வது பற்றிய விதிகள் பாவா கம்மா என்னும் பகுதியில் அமைந்துள்ளன. ‘கிராமா’ எனப்படும் மறைமுகக் காரணத்தால் விளையும் இழப்பு அங்கு முதன்மை பெறுகிறது. அயலாரின் கால்நடை வெளியேறும்படி வேலியை உடைத்தல், பரவிவரும் தீக்கு இரையாகும்படி அயலாரின் கதிரை வளைத்துவைத்தல், பொய்ச்சாட்சிகளை அமர்த்துதல், தெரிந்த சாட்சியத்தைச் சொல்லாது மறைத்தல் ஆகிய நான்கும் மனித நீதிமன்றத்தில் பொறுப்பை ஏற்படுத்தா. ஆயினும் விண்ணக நீதிமன்றத்தில் பொறுப்பை ஏற்படுத்தும் என்பது தால்முத் கூறும் நெறி. தீங்கு செய்தவரின் அறப்பொறுப்பை மறுக்காமலேயே மனித நீதிபதியின் அதிகார எல்லையைச் சுருக்கும் இவ்விரட்டைப் பகுப்பு யூதச் சட்டச் சிந்தனையின் தனித்தன்மையாகும்.

கண்ணேறு பற்றியும் இம்மரபு பேசுகிறது. கதிர் முற்றிய அயலார் வயலின் அருகே நின்று நோக்கலாகாது என்னும் கருத்து பாவா பத்ராப் பகுதியில், அண்டை வீட்டாரின் தனிமையைப் பார்வையால் கெடுக்கும் தீங்கு குறித்த விவாதத்தின் இடையே வருகிறது. இது தடுப்பு விதியாக உள்ளதே அன்றி இழப்பீட்டு விதியாக வளரவில்லை. நோக்கியவர் இத்தனை மரக்கால் தானியம் தர வேண்டும் என எந்த அளவும் அங்குக் கூறப்படவில்லை.

சாபம் தொடர்பான விதி மேலும் நுட்பமானது. இறைவனின் பெயரால் பிறரைச் சபிப்பவர் கசையடிக்குரியவர். பொதுவாக உடற்செயல் இல்லாத குற்றங்களுக்குக் கசையடி இல்லை எனக் கொள்ளும் மரபு, சாபத்தை அதற்கு விலக்காக வைத்துள்ளது. சபிக்கப்பட்டவருக்குத் தீங்கு நேர்ந்ததா என நீதிபதி வினவுவதில்லை, சொல்லே குற்றம். பலிக்கும் சாபம், பலிக்காத சாபம் என்னும் பாகுபாட்டை மெய்ப்பிக்க வேண்டிய தேவையை இவ்விதி நீக்கிவிடுகிறது.

சூனியம் மெய்யா பொய்யா என்பதிலும் யூத அறிஞர் ஒருமித்திலர். 12ஆம் நூற்றாண்டின் மைமோனிதிஸ் தம் சட்டத் தொகுப்பில் இவை அனைத்தும் பொய்யும் ஏமாற்றும் எனத் துணிகிறார். 13ஆம் நூற்றாண்டின் நாக்மானிதிஸ் அவற்றின் ஆற்றலை ஏற்கிறார். 17ஆம் நூற்றாண்டில் எருசலேமில் வாழ்ந்த யாக்கோவ் ஹாகிஸ், இறைப்பெயரையோ சூனியத்தையோ கொண்டு கொல்பவரை அம்பெய்து கொல்பவருக்கு ஒப்பிட்டுப் பொறுப்புடையவராகக் கருதினார். அம்பு உடலைத் தொடுவதைக் காணலாம். சொல் தொடுவதைக் காண இயலாது. இவ்வுவமையை ஏற்பவர் காணப்படாத அத்தொடர்பை மெய்ப்பிக்கப்பட்டதாகவே கொள்ள வேண்டியவராகிறார். நடைமுறைச் சிக்கல் இங்கேதான் எழுகிறது.

பண்டைய இந்திய நூல்களும் தமிழ் மரபும்

அர்த்தசாத்திரத்தின் நான்காம் அதிகரணம், பதின்மூன்றாம் இயல், அபிசாரம் முதலியவற்றால் ஒருவர் பிறருக்கு எத்தீங்கை விளைவிக்கிறாரோ அத்தீங்கையே அவருக்கும் விளைவிக்க வேண்டும் என்கிறது. இங்கு விளைவே அளவுகோல். அதே அதிகரணத்தின் முன்னைய பகுதியொன்று, மந்திரத் தொழில் செய்வோரை ஒற்றரைக் கொண்டு கண்டறிந்து நாடு கடத்தச் சொல்கிறது. அங்கு விளைவன்று, தொழிலே குற்றம். மனுதருமம் ஒன்பதாம் அத்தியாயத்தில் அபிசாரச் செயல்களுக்கு இருநூறு பணம் தண்டம் விதிக்கிறது. பாதிக்கப்பட்டவர் இறவாத நிலைக்கே இத்தண்டம் உரியது என்றும், இறந்தால் கொலைத் தண்டனை உரியது என்றும் உரையாசிரியர் கொள்வர். மந்திரத்திற்கும் மரணத்திற்கும் இடையிலான தொடர்பு மெய்ப்பிக்கத்தக்கது என்பது இந்நூல்களின் எழுதப்படாத எடுகோளாகும்.

தமிழ் மரபில் பில்லி, சூனியம், ஏவல், வைப்பு எனச் செய்வினைக்குப் பல பெயர்கள் வழங்குகின்றன. சொல்லால் கொல்லுதல் என்னும் கருத்து இலக்கிய மரபிலும் உண்டு. ‘அறம் வைத்துப் பாடுதல்’ என்பது அதன் பெயர். மூன்றாம் நந்திவர்மன், தன் உயிருக்குக் கேடு என்றறிந்தும் நந்திக்கலம்பகத்தை விரும்பிக் கேட்டு மாண்டான் என்பது வழிவழி வந்த கதை. இதனை வரலாறாகக் கொள்ள வேண்டுவதில்லை. சட்டச் சிந்தனைக்கு ஓர் எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். பாடியவர் கருதிச் செய்தார். கேட்டவர் அறிந்தே இசைந்தார். இசைவு பொறுப்பைக் குறைக்குமா என்னும் வினா இக்கதைக்குள் அடங்கியுள்ளது. கதை மரபு அவ்வினாவை எழுப்பவில்லை. மன்னனின் தமிழ்ப் பற்றைப் போற்றுவதே அதன் நோக்கம்.

இந்தியச் சட்டம்: விளைவிலிருந்து நம்பிக்கைக்கு

1860இல் இயற்றப்பெற்று 1862 சனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தில் சூனியம் என்றொரு குற்றம் இல்லை. இங்கிலாந்து 1735ஆம் ஆண்டின் சூனியச் சட்டத்தின் வழியே சூனியக் குற்றத்தை ஒழித்து, சூனிய ஆற்றல் உடையவராக நடிப்பதை மட்டும் குற்றமாக்கியிருந்தது. அம்மரபில் வந்தவர்களே இந்தியத் தொகுப்பையும் உருவாக்கினர்.

ஆயினும் மீவியற்கை இத்தொகுப்பிலிருந்து முற்றாக நீங்கிவிடவில்லை. பிரிவு 508, தாம் கூறுவதைச் செய்யாவிடில் அல்லது தடுப்பதைச் செய்தால், தமது ஒரு செயலின் வழியே தெய்வச் சீற்றத்திற்கு ஆளாக நேரும் என ஒருவரை நம்பவைத்து, சட்டப்படி அவர் செய்யக் கடமைப்படாத ஒன்றைச் செய்விப்பதை, அல்லது செய்ய உரிமையுள்ள ஒன்றைச் செய்யாது தடுப்பதைக் குற்றமாக்கியது. ஓராண்டு வரை சிறை, அல்லது தண்டம், அல்லது இரண்டும் அதற்குரிய தண்டனை. 2024 சூலை 1 முதல் இது பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 354 ஆக உள்ளது.

தண்டனைச் சட்டம் இதற்குத் தந்த எடுத்துக்காட்டுகள் கருதத்தக்கவை. ஒன்று, மற்றவர் வாயிலில் தர்ணா இருந்து அவரைத் தெய்வச் சீற்றத்திற்கு உள்ளாக்குவதாக நம்பவைத்தல். மற்றொன்று, கேட்டதைச் செய்யாவிடில் தம் சொந்தக் குழந்தையையே கொன்று அப்பழி அவரைச் சாரச் செய்வதாக மிரட்டுதல். இவை வெறுங்கற்பனைகள் அல்ல. காசிப் பகுதியில் தர்ணா இருப்பதையும், பழி சுமத்தும் பொருட்டுத் தம் வீட்டுப் பெண்டிரையும் குழந்தைகளையும் காயப்படுத்துவதையும் கொல்வதையும் தடுக்கக் கிழக்கிந்தியக் கம்பெனி அரசு 1795இலேயே ஓர் ஒழுங்குவிதி பிறப்பித்திருந்தது.

இப்பிரிவின் கீழ்த் தெய்வம் சினந்ததா என்பது நீதிபதியின் ஆய்வுக்கு உரியதன்று. அச்சுறுத்தப்பட்டவரின் மனத்தில் அந்நம்பிக்கையை விளைவிக்க எதிரி முயன்றாரா, அதன்வழி ஒரு செயலைப் பெற முயன்றாரா என்பவையே வினாக்கள். இவ்விரண்டும் சாட்சியத்தால் நிறுவத்தக்கவை. வாக்காளரிடம் தெய்வச் சீற்றத்தைக் காட்டி வாக்குப் பெறுவதை 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், பிரிவு 123(2), முறையற்ற செல்வாக்கு என வகைப்படுத்துவதும் இந்நெறியைச் சார்ந்ததே. ராம் தயாள் எதிர் சந்த் லால் வழக்கில் (1959), நாமதாரிச் சீக்கியர்களின் சமயத் தலைவர் ஒரு வேட்பாளருக்கு ஆதரவாகப் பிறப்பித்த ஆணை அத்தகைய செல்வாக்கே என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

மெய்யாக நம்பிச் செய்தவரின் நிலை

மிரட்டலும் இன்றி, பணம் பறிக்கும் நோக்கமும் இன்றி, பகைவர் அழிய வேண்டும் என்று மனமார நம்பிச் செய்வினை செய்தவரின் நிலை என்ன? கொலை நோக்கம் அவரிடம் முழுமையாக உள்ளது. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் பிரிவு 511 குற்ற முயற்சியைத் தண்டித்தது; வெற்றுச் சட்டைப்பையில் கைவிட்ட திருடனையும் அது விட்டுவைக்கவில்லை. அவ்வாறாயின் பலிக்காத செய்வினையும் கொலை முயற்சி ஆகாதா?

கல்கத்தா உயர் நீதிமன்றம் 1933இல் அஸ்கர் அலி பிரதானியா வழக்கில் இதனைத் தொட்டுச் சென்றது. கருக்கலைப்பு முயற்சி பற்றிய அவ்வழக்கில், சூனியத்தை நம்பும் ஒருவர் பிறருக்கு மந்திரம் வைத்தாலும், உருவம் செய்து எரித்தாலும், தீங்கு கருதிச் சபித்தாலும், அவர் காயம் விளைவிக்க முயன்றவராகத் தண்டிக்கப்பட இயலாது என நீதிமன்றம் விளக்கியது. பொதுவான மனித அனுபவத்தின்படி காயம் விளைவிக்க இயலாத ஒரு செயல், காயம் என்னும் குற்றத்தை நோக்கிய செயலாகாது என்பது காரணம். சட்டைப்பையில் கைவிடுதல் திருட்டை நோக்கிய செயல். பை வெறுமையாக இருந்தது தற்செயல். உருவம் எரித்தல் எந்நிலையிலும் காயத்தை நோக்கிய செயலன்று.

கண்கட்டு வித்தை காட்டுபவரின் நிலை இதற்கு நேர்மாறானது. தாமே தகட்டைப் புதைத்து, பின்னர் ‘வைப்பு எடுப்பதாக’ அதனைத் தோண்டிக் காட்டிக் கட்டணம் பெறுபவர் ஏமாற்றுதல் என்னும் குற்றத்திற்கு உரியவர் (முன்னைய பிரிவுகள் 415, 420, இன்றைய பிரிவு 318). மந்திரத் தகடு, கவசம் முதலியவற்றால் நோய் தீரும் என விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாந்திரீகத் தீர்வுகள் (ஆட்சேபகரமான விளம்பரங்கள்) சட்டம் தடுக்கிறது.

ஆக, மிஷ்னாவின் பகுப்பு இங்குத் தலைகீழாகிறது. அங்கு மெய்யாகச் செய்தவர் குற்றவாளி, மயக்கியவர் அல்லர். இங்கு மயக்கியவர் குற்றவாளி, மெய்யென நம்பிச் செய்தவர் அல்லர். சூனியம் மெய்யாகும் எனக் கொள்ளும் சட்டம் அதன் விளைவைத் தண்டிக்கிறது. பொய் எனக் கொள்ளும் சட்டம் அதனைக் கொண்டு நிகழும் ஏமாற்றைத் தண்டிக்கிறது. மைமோனிதிஸின் நிலைப்பாட்டைக் குற்றவியல் விதியாக மாற்றினால் கிடைப்பது ஏறத்தாழ இந்தியச் சட்டமே எனலாம்.

அச்சத்தின் வழியே நேரும் மரணம்

மந்திரத்திற்கு ஆற்றல் இல்லாவிடினும் அச்சத்திற்கு ஆற்றல் உண்டு. தமக்குச் செய்வினை வைக்கப்பட்டதாக அறிந்த இதயநோயாளி அதிர்ச்சியால் இறக்கலாம். இங்குக் காரணகாரியத் தொடர்பு முழுவதும் இயற்கையானது: சொல், அச்சம், உடற்கேடு, மரணம். 1837ஆம் ஆண்டின் வரைவுத் தொகுப்பிற்கு மெக்காலே எழுதிய குறிப்புகள், பேசுதலையும் ஒரு செயலாகவே கருத வேண்டும் என்றும், மரணம் விளைவிக்கும் நோக்குடன் பேசி அதனை விளைவித்தவர் மரணத்திற்குப் பொறுப்பாவார் என்றும் வாதிட்டன. எனவே, பாதிக்கப்பட்டவரின் நோயை அறிந்து, அவர் அஞ்சி இறக்கட்டும் என்னும் கருத்துடன் அவர் காணும்படி செய்வினைப் பொருளை வைப்பவர், மரணம் விளைவித்த குற்றத்திலிருந்து எளிதில் தப்ப இயலாது. உரிமையியல் தளத்தில், கணவர் விபத்தில் சிக்கியதாக விளையாட்டுக்குப் பொய் கூறி ஒரு பெண்ணை அதிர்ச்சி நோய்க்கு உள்ளாக்கியவர் இழப்பீடு தர வேண்டும் என்னும் இங்கிலாந்தின் வில்கின்சன் எதிர் டவுண்டன் தீர்ப்பு (1897) இதற்குத் துணையாகும்.

பேயென்று கருதித் தாக்குதல்

நம்பிக்கையால் தீங்கு செய்தவர் பற்றியும் சட்டம் தனியே பேசுகிறது. ஒரிசா உயர் நீதிமன்றத்தின் ராம் பகதூர் தாபா வழக்கில் (1960), பேய் உலவுவதாகப் பேசப்பட்ட கைவிடப்பட்ட விமானத் தளத்தில், இரவில் விளக்குடன் இலுப்பைப் பூப் பொறுக்கிய பெண்களைப் பேய்கள் எனக் கருதி ஒருவர் குக்ரிக் கத்தியால் தாக்கினார், ஒருவர் இறந்தார். பொருண்மைப் பிழை பற்றிய பிரிவு 79இன் கீழ் அவர் விடுவிக்கப்பட்டார். லாகூர் உயர் நீதிமன்றத்தின் வர்யாம் சிங் வழக்கும் (1926) இத்தகையதே.

இத்தீர்ப்புகளைச் சூனியக்காரி எனக் கருதிக் கொல்பவருக்கு விரித்துரைக்க இயலாது. முன்னவர் தம்முன் இருப்பது மனித உயிரே அன்று எனக் கருதினார். பின்னவர் மனித உயிர் என்று அறிந்தே கொல்கிறார். அவரது நம்பிக்கை முழுவதும் உண்மையாகவே இருப்பினும், ஒரு மனிதரைக் கொல்லச் சட்டம் அவருக்கு உரிமை தரவில்லை. ஆகவே பிரிவு 79 (இன்றைய பிரிவு 17) அவருக்குப் பொருந்தாது.

மெய்ப்பிக்கும் சுமை: பாலாற்றுப் படிப்பினை

காணப்படாத தீங்கு என்பதாலேயே ஒன்றைச் சட்டம் புறக்கணிப்பதில்லை என்பதற்கு வேலூர் நிலப்பகுதியே சான்று. தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவு பாலாற்றிலும் நிலத்தடி நீரிலும் கலந்தது குறித்த வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில், 1996 ஆகத்து 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஏறத்தாழ 35,000 எக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிருக்குத் தகுதியற்றுப் போனதாகத் தீர்ப்பு குறிப்பிடுகிறது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்னும் நெறியோடு, தம் செயல் சூழலுக்குக் கேடற்றது என மெய்ப்பிக்கும் சுமை செயல் புரிபவரையே சாரும் என்னும் நெறியும் அதில் ஏற்கப்பட்டது.

மண்ணுக்கடியில் கலக்கும் உப்பும் குரோமியமும் கண்ணுக்குப் புலப்படா. செய்வினையும் புலப்படாது எனப்படுகிறது. அவ்வாறாயின் இங்கும் சுமையை மாற்றலாகாதா? ஆகாது. குற்றம் சாட்டப்பட்ட தொழிற்சாலை கழிவுநீரை ஆய்வகத்தில் அளந்து காட்டி விடுபட இயலும். செய்வினை வைத்ததாகக் குற்றம் சாட்டப்பட்டவர் அளந்து காட்டுவதற்கு ஒன்றும் இல்லை. மறுக்க வழியற்ற குற்றச்சாட்டில் சுமையை மாற்றுவது தீர்ப்பை முன்னரே எழுதுவதற்கு ஒப்பாகும். கிராமா விதியில் தால்முத் மனித நீதிமன்றத்தின் எல்லையைச் சுருக்கியதையும் இந்நோக்கில் மதிப்பிடலாம்.

எஞ்சியுள்ள இடைவெளி

இவ்வாறு சட்டம் செய்வினை செய்பவரை விடுவித்து, மிரட்டுபவரையும் ஏமாற்றுபவரையும் தண்டிக்கிறது. மூன்றாமவர் ஒருவர் எஞ்சுகிறார்: ‘உனக்குச் செய்வினை வைத்தவர் இன்னார்’ எனக் குறி சொல்பவர். பணம் பெறாமலும் எதையும் கோராமலும் அவர் சொன்னால் ஏமாற்றுதலும் பொருந்தாது, பிரிவு 354உம் பொருந்தாது. எஞ்சுவது பெரும்பாலும் அவதூறு வழக்கு மட்டுமே. ஆனால் சூனியக்காரி எனச் சுட்டப்பட்டு ஊர்விலக்கிற்கும் தாக்குதலுக்கும் ஆளாகும் பெண்ணின் இடர் அவர் சொல்லிலிருந்தே தொடங்குகிறது.

பீகார் 1999இலும், சார்க்கண்டு 2001இலும், சத்தீசுகர் 2005இலும் பெண்ணைச் சூனியக்காரி எனச் சுட்டுவதையே குற்றமாக்கின. நரேந்திர தபோல்கர் 2013 ஆகத்து 20 அன்று கொல்லப்பட்டதைத் தொடர்ந்து மகாராட்டிரம் இயற்றிய சட்டமும், ஒருவரைச் செய்வினைக்காரர் எனக் கூறித் துன்புறுத்துவதைத் தன் பட்டியலில் சேர்த்தது. கருநாடகம் 2017இல் தனிச்சட்டம் இயற்றியது. தமிழ்நாட்டில் இத்தகைய தனிச்சட்டம் இதுவரை இல்லை.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வருவன பெறப்படுகின்றன. மீவியற்கைத் தீங்கை விளைவைக் கொண்டு அளக்க முற்பட்ட சட்ட மரபுகள், மெய்ப்பிக்க இயலாத தொடர்பை மெய்ப்பித்ததாகக் கொள்ளும் இடர்ப்பாட்டை எதிர்கொண்டன. யூத மரபு, சாபத்தில் சொல்லையே குற்றமாக்கியும், மறைமுகத் தீங்கில் ஒரு பகுதியை விண்ணக நீதிக்கு விட்டும் அவ்விடர்ப்பாட்டைக் குறைத்துக்கொண்டது. இந்தியச் சட்டம், விளைவை விடுத்து நம்பிக்கையைக் கையாளும் செயலைக் குற்றமாக்கியதால் மந்திரத்தின் மெய்ம்மை பற்றிய வினாவிற்கு நீதிபதியை உட்படுத்தாமல் விலகியது.

முன்னுரையில் கூறப்பட்ட தொழிற்கூட உரிமையாளர், பங்காளியிடம் தோலுக்கும் நோய்க்கும் இழப்பீடு பெற இயலாது. தகட்டைக் காட்டி அவரிடம் எவரேனும் பணம் பெற்றிருப்பின் அவர்மீது புகார் அளிக்கலாம். அவரால் சுட்டப்பட்ட பங்காளிக்கோ, இன்றுள்ள சட்டத்தில் கிடைக்கும் காப்பு மிகக் குறைவு. பிரிவு 354 அச்சுறுத்தப்பட்டவரைக் காக்கிறது. பழி சுமத்தப்பட்டவரைக் காக்கவில்லை. தமிழ்நாட்டில் தனிச்சட்டம் ஒன்று வரையப்படுமாயின், அதன் முதற்பிரிவு மந்திரவாதியைப் பற்றியதாக இருப்பதினும் பழி சுமத்தப்பட்டவரைப் பற்றியதாக இருத்தலே தகும்.